சந்தேகங்களுக்கு விளக்கம்: மெஷின் வாங்கிப் போட்டால் நாடு முன்னேறிவிடுமா?

வணக்கம். இந்த வாரத்துக்கு நாலு கேள்விகள் எடுத்து வைத்திருந்தேன். மூன்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். இந்த ஒரு கேள்விதான் காரணம், மூன்று நாளாக மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கரூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பெட்ஷீட், திரைச்சீலை எல்லாம் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாராம். அவர் எழுதியதை அப்படியே படிக்கிறேன்.

"ஐயா, மூலதனம் நிறைய இருக்கிற நாடுகள்தான் உலக வணிகத்தில் மேலே நிற்கின்றன என்று போன பேச்சில் சொன்னீர்கள். எங்கள் முதலாளியும் அதைத்தான் சொல்கிறார். பணம் இல்லாததுதானே நம் பிரச்சினை? கடனை வாங்கியாவது பெரிய மெஷின்களை இறக்கிவிட்டால் நாமும் கொரியா மாதிரி வந்துவிட மாட்டோமா?"

நல்ல கேள்வி. தப்பு என் பேரில்தான். போன பேச்சில் அந்த வரியைச் சொல்லிவிட்டு, மின்சாரம் போனதும் பாதியில் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து வேறு எதையோ பேசினேன். பாதி வாக்கியம் கரூர் வரைக்கும் போய் ஒரு முதலாளிக்கு ஆதாரமாகிவிட்டது. இன்றைக்கு மீதிப் பாதி.

முதலில் ஒரு சின்ன விஷயத்தைப் பிரித்துக்கொள்ளலாம். மூலதனம் நிறைந்த நாடு என்பது ஒன்று, மூலதனச் செறிவுள்ள தொழில் என்பது வேறு. நாட்டைச் சொல்லும்போது தலைக்கு எவ்வளவு மெஷின், எவ்வளவு ரோடு, எவ்வளவு துறைமுகம் என்று வகுத்துப் பார்க்க வேண்டும். மொத்தமாகக் கூட்டினால் சிங்கப்பூரைவிட இந்தியாவில் மூலதனம் அதிகம்தான். உழைக்கிற தலைகளால் வகுத்தால் நம் பங்கு சிறுத்துப் போய்விடும். தொழிலைச் சொல்லும்போதும் அதே வகுத்தல்தான். பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு ஆளுக்குப் பின்னால் கோடிக்கணக்கில் குழாயும் கொதிகலனும் நிற்கும். பீடி சுற்றுகிற இடத்தில் ஒரு ஆளுக்குப் பின்னால் ஒரு முறமும் ஒரு கத்தரியும்.

ஆனால் இதுவும் கல்லில் வெட்டினது இல்லை. நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் நாற்று பறித்து, முடிச்சுப் போட்டு, பெண்கள் வரிசையாகக் குனிந்து நடுவார்கள். கேட்டால் நெல் ஆள் கூலி தின்கிற பயிர் என்போம். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் தண்ணீர் கட்டின வயலுக்கு மேலே சின்ன விமானம் பறக்கிறது. ஊறவைத்த விதைநெல்லை மேலிருந்து கொட்டிவிட்டுப் போகிறது. நடவு முடிந்தது! பயிர் ஒன்றேதான். அங்கே அது மூலதனச் செறிவு, இங்கே உழைப்புச் செறிவு. ஆகவே எந்தத் தொழிலைப் பார்த்தும் 'இது மெஷின் தொழில், இது ஆள் தொழில்' என்று பெயர்ப்பலகை மாட்டிவிட முடியாது. பொருளாதாரத்தில் இதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. இப்போது வேண்டாம்.

சரி, வணிகத்துக்கு வருவோம். சுவீடனில் இரண்டு பேர். எலி ஹெக்ஷர், அவரிடம் படித்த பெர்டில் ஓலின். ஹெக்ஷர் 1919-ல் தொடங்கி வைத்ததை ஓலின் 1933-ல் விரித்து எழுதினார். சொன்ன விஷயம் எளிது. எங்கள் சேலத்துக்காரன் மாம்பழம் விற்பான், ஏனென்றால் அவனிடம் மாம்பழம் இருக்கிறது. அதுபோல மூலதனம் நிறைய இருக்கிற நாட்டில் மூலதனம் மலிவு, அதை அதிகம் தின்கிற பொருளைச் செய்து விற்கும். ஆள் நிறைய இருக்கிற நாடு ஆள் அதிகம் தேவைப்படுகிற பொருளை விற்கும். கேட்டால் தலையாட்டத் தோன்றும். நானும் இருபத்தைந்து வருஷம் வகுப்பில் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு இதைச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த கதை வருகிறது. பழைய நேயர்கள் மன்னிக்க வேண்டும், மூன்றாவது தடவை சொல்கிறேன்.

வாசிலி லியோன்டியெஃப் என்று ஒருவர். ரஷ்யாவில் வளர்ந்து அமெரிக்கா போய் ஹார்வர்டில் பேராசிரியரானவர். ஒரு நாட்டின் ஒவ்வொரு தொழிலும் மற்ற ஒவ்வொரு தொழிலிடமிருந்து என்ன வாங்குகிறது என்று பெரிய கட்டம் போட்டுக் கணக்கெழுதுவார். நம் மளிகைக்கடைப் பேரேடு மாதிரி, ஆனால் நாட்டுக்கே ஒரு பேரேடு. 1947-ஆம் வருஷத்து அமெரிக்கப் பேரேட்டை வைத்துக்கொண்டு ஹெக்ஷர்–ஓலின் சொன்னதைச் சரிபார்த்தார். உலகத்திலேயே மூலதனம் குவிந்து கிடந்த நாடு அமெரிக்கா. போரில் மற்றவர்கள் ஆலையெல்லாம் தரைமட்டமாகக் கிடந்த நேரம். விடை என்ன வரும் என்று யாருக்கும் சந்தேகமே இல்லை.

1953-ல் விடை வந்தது. பத்து லட்சம் டாலர் பெறுமான ஏற்றுமதிப் பொருளைச் செய்ய, ஒரு ஆளின் ஒரு வருஷ வேலைக்குச் சுமார் 14,000 டாலர் மூலதனம் பயன்பட்டிருந்தது. வெளியே வாங்கும் பொருள்களை உள்நாட்டிலேயே செய்தால் எவ்வளவு ஆகும் என்று பார்த்தால் ஆளுக்குச் சுமார் 18,000 டாலர். அதாவது மூலதன ராஜா நாடு, மூலதனம் குறைவாகத் தின்கிற பொருளை விற்று, அதிகமாகத் தின்கிற பொருளை வாங்கிக்கொண்டிருந்தது. தலைகீழ்!

நினைத்துப் பாருங்கள். சேலத்துக்காரன் லாரி லாரியாக மாம்பழத்தை வெளியூரிலிருந்து வாங்குகிறான் என்று கணக்கு சொல்கிறது. கூட்டலில் தப்பு என்றுதான் முதலில் எல்லோரும் தேடினார்கள். இதற்குப் பதில் தேடியே ஒரு தலைமுறை ஆராய்ச்சி நடந்தது. இந்தியாவிலும் ஆர். பரத்வாஜ் 1962-ல் நம் வணிகத்தைக் கணக்குப் போட்டார். மொத்தமாகப் பார்த்தால் நாம் உழைப்பை விற்கிறோம், அது சரியாக வந்தது. அமெரிக்காவோடு நடக்கிற வணிகத்தை மட்டும் தனியாக எடுத்தால், நாம் அங்கே அனுப்புவது வாங்குவதைவிட மூலதனச் செறிவு கூடியதாக நின்றது. ஏழை நாடு பணக்கார நாட்டுக்கு மூலதனத்தை ஏற்றுமதி செய்கிற மாதிரி! வகுப்பில் இதைச் சொன்னால் பின்பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

முடிச்சு எங்கே அவிழ்ந்தது? இரண்டு இடம். அமெரிக்கா வாங்கியது நிறைய தாதுவும் எண்ணெயும் மாதிரி மண்ணிலிருந்து வருகிற பொருள். அதைத் தோண்டி எடுக்க மெஷின் மிக அதிகம் வேண்டும், அதனால் இறக்குமதிப் பக்கம் மூலதனம் கனத்துத் தெரிந்தது. இரண்டாவதுதான் நமக்கு முக்கியம். அமெரிக்கா விற்றது 'உழைப்பு' என்று பேரேட்டில் எழுதியிருந்ததே, அது எந்த உழைப்பு? இன்ஜினியர், டூல் செய்கிறவர், வரைபடம் போடுகிறவர், வேதியியல் படித்தவர். பேரேட்டில் மண்வெட்டி பிடிக்கிறவரும் ஒரு தலை, விமான இன்ஜின் வடிவமைப்பவரும் ஒரு தலை. லியோன்டியெஃப் கூட, ஒரு அமெரிக்கத் தொழிலாளி மூன்று வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சமம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாகும் என்றார். அந்த 'மூன்று' என்ற எண்ணை யாரும் பெரிதாக ஏற்கவில்லை. ஆனால் விரல் சரியான இடத்தைத்தான் தொட்டது. கையில் ஏறிய படிப்பும் பழக்கமும் மூலதனம்தான், நாம் அதைச் சம்பளக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இப்போது "பணம் இல்லாததுதானே பிரச்சினை" என்பதற்கு வருகிறேன். இந்தக் கேள்வியைக் கணக்காகவே போட்டுப் பார்த்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்து ராபர்ட் லூகாஸ். 1990-ல் எழுதினார். எடுத்துக்கொண்ட உதாரணம் நம் இந்தியாதான். ஒரு அமெரிக்கரின் உற்பத்தி ஒரு இந்தியரின் உற்பத்தியைப்போல் சுமார் 15 மடங்கு. இந்த வித்தியாசம் முழுக்க மூலதனம் குறைவாக இருப்பதால்தான் என்று வைத்துக்கொண்டால், இந்தியாவில் புதிதாகப் போடுகிற ஒரு ரூபாய், அமெரிக்காவில் போடுகிற ஒரு ரூபாயைப்போல் 58 மடங்கு ஈட்ட வேண்டும்.

58 மடங்கு! அப்படி ஒரு இடம் இருந்தால் நியூயார்க்கில் ஒரு டாலராவது தங்குமா? அத்தனையும் கப்பலேறி சென்னைத் துறைமுகத்தில் வந்து நிற்காதா? நிற்கவில்லை. லூகாஸ் கேட்டது அதைத்தான். பணம் குறைவு என்பது உண்மை. ஆனால் அது நோயா, காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். வெறும் பணக்குறைவுதான் நோய் என்றால் பணமே ஓடிவந்து அதைக் குணப்படுத்தியிருக்கும்.

இந்த இடத்தில் என் மச்சான் கதையைச் சொல்லாமல் போக முடியாது. அவர் கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருக்கிறார், பம்பு உதிரி பாகங்கள் கடைசல் வேலை. பழைய லேத் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. சில வருஷம் முன்னால் ஒரு சிஎன்சி மெஷின், அதாவது கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் சொல்கிறபடி தானே கடைகிற மெஷின், இறக்கினார். லோன் போட்டு, மாசம் 48,000 ரூபாய் டியூ. நான் போயிருந்தேன். சந்தனம், குங்குமம், கண்ணாடிக் கதவில் மஞ்சள்தூளில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் எலுமிச்சை. அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த பூரிப்பை என் அக்கா கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

ஆயுதபூஜைக்குத் திரும்பப் போனேன். மெஷின் மேல் பழைய வேட்டி மூடியிருக்கிறது. என்ன மச்சான் என்றால், ப்ரோக்ராம் போடத் தெரிந்த பையன் நாலாயிரம் ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள் என்று வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். புதுசாக வந்தவனுக்கு பட்டன் அமுக்கத் தெரிகிறது, டூல் தேய்ந்தால் செட்டிங் மாற்றத் தெரியவில்லை. ஒரு நாள் டூலைக் கொண்டுபோய் நேராக, பொருளைக் கவ்விப் பிடித்துச் சுழல்கிற சக்கில் இடித்துவிட்டான். அதோடு மச்சானுக்கு பயம் வந்துவிட்டது. எட்டு மாசம் அந்த மெஷின் நாளைக்கு மூன்று மணி நேரம் ஓடினால் அதிகம்.

நான் வாத்தியார் இல்லையா, காலண்டர் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாசம் 25 நாள், நாளைக்கு 3 மணி நேரம், ஆக 75 மணி. டியூ 48,000-ஐ வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 640 ரூபாய். ஒரு முழு ஷிஃப்ட் ஓட்டினால் 200 மணி, மணிக்கு 240. இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால் 120. அதே மெஷின், அதே பேங்க், அதே வட்டி. ஆனால் மூன்று வெவ்வேறு விலையில் மூலதனம்! அமெரிக்காவில் மூலதனம் மலிவு, நமக்கு விலை அதிகம் என்று புத்தகத்தில் வட்டி வீதத்தை வைத்துச் சொல்வோம். பட்டறையில் அந்த விலையை முடிவு செய்வது மெஷின் ஓடுகிற மணிதான்.

மெஷின் ஓடுகிற மணி. இந்த மூன்று வார்த்தைக்காகத்தான் நான் மற்ற மூன்று கேள்விகளைத் தள்ளி வைத்திருக்கிறேன். எவ்வளவு மூலதனம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், எவ்வளவு நேரம் ஓடுகிறது, எத்தனை பேர் கையில் ஓடுகிறது என்று கேளுங்கள்.

இதற்கு நூற்பாலையைவிட நல்ல சாட்சி கிடையாது. நூறு வருஷம் முன்னால் உலகத்தின் நூற்பு மெஷினில் பெரும்பகுதி இங்கிலாந்தில் லங்காஷயரில் செய்ததுதான். ஓல்டாம் ஊரில் பிளாட் பிரதர்ஸ் என்ற கம்பெனி. பம்பாய்க்கும் அவர்கள் மெஷின், ஜப்பானுக்கும் அவர்கள் மெஷின். காசு கொடுத்தால் யாருக்கும் விற்பார்கள், பொருத்திக் கொடுக்க ஆளும் அனுப்புவார்கள். கரூர் அம்மா சொன்ன மாதிரி, மெஷின் இறங்கிவிட்டது.

கிரிகோரி கிளார்க் என்ற பொருளாதார வரலாற்று ஆசிரியர் 1910 வாக்கில் பல நாட்டு ஆலைகளை ஒப்பிட்டார். அமெரிக்காவில் நியூ இங்கிலாந்து ஆலையில் ஒரு தொழிலாளி பார்த்துக்கொண்ட வேலையை, இங்கிலாந்தில் ஒன்றரைப் பேர் பார்த்தார்கள். இந்தியாவிலும் ஜப்பானிலும் கிட்டத்தட்ட ஆறு பேர். உடனே 'பார்த்தீர்களா, நம் ஆள் சோம்பேறி' என்று சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூலி அடிமட்டத்தில் இருக்கிற இடத்தில் ஒரு தறிக்கு இரண்டு ஆள் வைப்பது முதலாளிக்கு வலிக்காது. ஆள் எடுப்பதும் நீக்குவதும் மேஸ்திரி கையில். இன்றைக்கு வந்தவன் நாளைக்கு வருவானா என்று தெரியாமல் பதிலி ஆட்கள் வாசலில் நிற்பார்கள். அந்த அமைப்பில் யார் எதைக் கற்றுக்கொள்வது?

கவனியுங்கள், 1910-ல் ஜப்பானும் நம்மோடு அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அங்கே ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. மெஷின் அவர்களுக்கும் விலை அதிகம், கடல் கடந்து வருகிறது. அதனால் பதினொரு மணி நேரம் வீதம் இரண்டு ஷிஃப்ட், நாளைக்கு 22 மணி நேரம் ஓட்டினார்கள். இங்கிலாந்துக்காரன் ஒரு ஷிஃப்ட் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். பஞ்சு எங்கிருந்து? நம்மிடமிருந்தும்தான். 1893-ல் பம்பாய்–கோபே கப்பல் வழி தொடங்கியது, அதில் ஜாம்செட்ஜி டாடாவுக்கும் பங்கு உண்டு. குட்டை இழை இந்தியப் பஞ்சையும் நீள இழை அமெரிக்கப் பஞ்சையும் கலந்து நூற்கிற சூட்சுமத்தைப் பிடித்தார்கள். நம் பஞ்சை வாங்கி நூலாக்கி, பம்பாய் நூல் விற்றுக்கொண்டிருந்த சீனச் சந்தையை நம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். 1933-ல் பருத்தித் துணி ஏற்றுமதியில் இங்கிலாந்தையே தாண்டிவிட்டார்கள்.

அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிராமத்துப் பெண்பிள்ளைகள். ஆலை விடுதியில் அடைத்து வைத்து, ராத்திரி ஷிஃப்ட் போனவள் எழுந்த படுக்கையில் பகல் ஷிஃப்ட் முடித்தவள் படுப்பாள் என்ற நிலை. காசநோயோடு ஊருக்குத் திரும்பியவர்கள் கணக்கில் அடங்காது. பெண்களுக்கு ராத்திரி வேலையைத் தடை செய்தது 1929-ல்தான். மெஷின் ஓடுகிற மணி என்று நான் உற்சாகமாகச் சொல்லும்போது இதை மறந்துவிடுகிறேன் என்று ஒரு நேயர் முன்பே கண்டித்திருக்கிறார். மறக்கவில்லை.

அதே 1929-ல் இன்னொன்று நடந்தது. ஜப்பானுக்கு மெஷின் விற்ற அதே பிளாட் பிரதர்ஸ், ஒரு லட்சம் பவுண்டு பேசி, ஜப்பானில் டொயோடா சகிச்சி உருவாக்கிய தானியங்கித் தறியின் உரிமையை வாங்கியது. நூல் அறுந்தால் தானே நிற்கிற தறி. வாங்கிய மெஷினைக் கழற்றிப் பார்த்துக் கற்றவன் கடைக்காரனுக்கே விற்றுவிட்டான்! அவர் மகன் கார் ஆராய்ச்சிக்குள் இறங்கிய கதை தனி, அதற்கு ஒரு பேச்சே போட்டிருக்கிறேன்.

மெஷினை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பது, வளர்ச்சி வரிசையில் சொன்ன தையல்காரர் கதைதான். ஒரு தையல்காரருக்கு இரண்டாவது மெஷின் உதவும், மூன்றாவது துணி மடித்து வைக்கத்தான் உதவும். சோவியத் யூனியன் அந்த மூன்றாவது, நாலாவது மெஷினை வாங்கிக்கொண்டே போய் மூச்சு வாங்கியது. பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ அமெரிக்காவின் 1909 முதல் 1949 வரையான நாற்பது வருஷக் கணக்கைப் பிரித்தபோது, ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி இரட்டிப்பானதில் எட்டில் ஒரு பங்குதான் மூலதனம் கூடியதால் வந்தது. மீதி ஏழு பங்கு வேறு எதிலிருந்தோ வந்தது. அந்த 'வேறு எதிலிருந்தோ'வைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, கொரியா. அம்மா கேட்டதும் அதுதானே. இங்கே நான் சேலத்துக்காரனாகிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் இளம்பிள்ளை பக்கம். வாசலில் நின்றால் கஞ்சமலை தெரியும். அமாவாசைக்குச் சித்தர் கோயிலுக்கு வண்டி கட்டிப் போவோம். அந்த மலையில் இரும்புத் தாது இருக்கிறது, நெய்வேலி பழுப்பு நிலக்கரியையும் சேர்த்து இங்கே உருக்காலை வரப்போகிறது என்று பெரியவர்கள் திண்ணையில் பேசுவார்கள். 1967 ஜூலையில், அண்ணா முதல்வரான சில மாசத்தில், சேலம் உருக்காலையும் சேதுசமுத்திரமும் வேண்டும் என்று எழுச்சி நாள் நடந்தது. நான் மூன்றாம் வகுப்பு. அப்பா தோளில் உட்கார்ந்து கூட்டம் பார்த்தேன், என்ன பேசினார்கள் என்று தெரியாது, கொடுத்த ஆரஞ்சு மிட்டாய் ஞாபகம் இருக்கிறது. 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார்.

அதே 1970, ஏப்ரல் 1. கொரியாவில் போஹாங் என்ற கடற்கரை ஊரில் உருக்காலை வேலை தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷம்தான் உலக வங்கி, இந்த நாட்டுக்கு உருக்காலை கட்டுப்படியாகாது என்று கையை விரித்திருந்தது. மேலைநாட்டுக் கம்பெனிகள் சேர்ந்து அமைத்த கூட்டும் கலைந்துபோனது. கொரியாவின் ஏற்றுமதி அப்போது என்ன தெரியுமா? துணி, ஒட்டுப்பலகை, சவுரிமுடி! பிறகு பணம் எங்கிருந்து வந்தது? ஜப்பான் தங்களை ஆண்டதற்கு ஈடாக 1965 ஒப்பந்தத்தில் தந்த தொகை. முப்பது கோடி டாலர் மானியம், இருபது கோடி கடன். அதில் விவசாயத்துக்கு என்று வைத்திருந்ததில் ஒரு பகுதியை ஜப்பானிடம் பேசி உருக்காலைக்குத் திருப்பினார்கள்.

1973 ஜூலையில் ஆலை முடிந்தது. மூன்று வருஷம் மூன்று மாசம். வருஷத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல்.

சேலம் உருக்காலை உற்பத்தி தொடங்கியது 1981 செப்டம்பரில். பதினொரு வருஷம். அதுவும் கஞ்சமலைத் தாதுவை உருக்கி இல்லை. வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகுச் சுருளைத் தகடாக உருட்டுகிற ஆலை, வருஷத்துக்கு 32,000 டன். நல்ல தகடு, அதில் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு அதுதான். ஆனால் நான் கல்லூரி முடித்து வேலைக்கு அலைகிற வயசு வந்துவிட்டது. இந்த ஒப்பீடு முழுக்க நியாயம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அங்கே ராணுவ ஆட்சி, தொழிற்சங்கம் வாய் திறக்க முடியாது. இங்கே திட்டக்குழு, மாநிலங்களின் போட்டி, எல்லோருக்கும் பங்கு. இரண்டும் வேறு வேறு அளவு ஆலை. இருந்தாலும் இரண்டு கல்லும் ஒரே வருஷம் நட்டது, என்னால் மறக்க முடியவில்லை.

போஹாங்கில் என்ன செய்தார்கள்? ஆலைத் தலைவர் பார்க் டே-ஜூன், பழைய ராணுவக்காரர். இது அடிமைப்பட்ட நம் முன்னோரின் ரத்த விலை, தோற்றால் எல்லோரும் வலது பக்கம் திரும்பிக் கடலில் விழுவோம் என்று ஆட்களிடம் சொன்னவர். 1977-ல் விரிவாக்கத்தின்போது மின்நிலைய அடித்தளத்தில் கான்கிரீட் சரியில்லை என்று தெரிந்ததும், முக்கால்வாசிக்கு மேல் முடிந்திருந்த வேலையை ஊழியர்கள் முன்னால் வெடி வைத்துத் தகர்த்தார். இந்த வெடிக் கதை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது, ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே ஆட்களை ஜப்பான் ஆலைகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள் என்பது. உலை பற்றவைக்கிற நாளில், உலை முன்னால் நிற்கத் தெரிந்தவன் ஊரில் இருந்தான். செய்த எஃகை வாங்கிக்கொள்ள பக்கத்தில் கப்பல் கட்டுகிறவன், அப்புறம் கார் செய்கிறவன் வரிசையாக வந்தான். அவனோ உலகச் சந்தையில் விலை பேசுகிறவன், மட்டமான தகட்டைத் தலையில் கட்டினால் திருப்பி அனுப்புவான். உலை நிற்காமல் ஓடியது.

நாமும் சும்மா இருக்கவில்லை. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் என்று 1950-களிலேயே, கொரியாவுக்குப் பத்து வருஷம் முன்பே, தலா பத்து லட்சம் டன் ஆலைகள் மூன்றை எழுப்பியவர்கள் நாம். ஒன்று ரஷ்யர், ஒன்று ஜெர்மானியர், ஒன்று ஆங்கிலேயர் உதவியோடு. மூலதனச் செறிவுத் தொழில் வேண்டும் என்று, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்த மகலனோபிஸ் போட்ட கணக்கில் எனக்கு இன்னும் மரியாதை உண்டு. ஆனால் நம் எஃகை வாங்குகிறவன் உள்ளூரில் வரிசையில் நின்று பர்மிட் வாங்குகிறவன். அவனுக்கு வேறு கடை கிடையாது. திருப்பி அனுப்ப ஆள் இல்லாத கடையில் தராசு தானாகச் சாயும்.

கொரியாவில் இப்போது தொழிற்சாலைகளில் பத்தாயிரம் ஊழியருக்கு ஆயிரத்துக்கு மேல் ரோபோ, உலகத்திலேயே அதிகம். அதைப் பார்த்துவிட்டு மெஷினால்தான் முன்னேறினார்கள் என்கிறோம். சவுரிமுடி பின்னின கைகளிலிருந்து அங்கே வரைக்கும் நடுவில் கிடக்கிற வருஷங்களை வீடியோவில் காட்ட முடியாது.

ஆக, அம்மா, உங்கள் முதலாளி மெஷின் வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் நீங்கள் கணக்கு பார்க்கிறவர். ஒரு உதவி செய்யுங்கள். இப்போது உங்கள் ஷெட்டில் நிற்கிற தறிகள் போன மாசம் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடின, எத்தனை மணி நேரம் நின்றன, நின்றது நூல் வராமலா, கரன்ட் போயா, ஆள் வராமலா, ஆர்டர் இல்லாமலா என்று நாலு பத்தி போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். உங்களிடம் கரன்ட் பில் இருக்கிறது, ஷிஃப்ட் நோட்டு இருக்கிறது, ஒரு சாயங்காலத்து வேலை. கம்பெனி பெயர் வேண்டாம், எண்ணை மட்டும் எனக்கு அனுப்புங்கள். அடுத்த பேச்சை அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறேன்.

மச்சான் கதையை முடிக்கவில்லையே. ஓடிப்போன பையனை அவர் திரும்பக் கூப்பிடவில்லை. தன் லேத்தில் பதினைந்து வருஷம் இருந்த பழைய ஆளையே மூன்று மாசம் பயிற்சிக்கு அனுப்பினார், சம்பளத்தோடு. கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்கிரீனை முறைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்த மனிதர், இப்போது ராத்திரி ஷிஃப்டுக்கு ஒரு பையனையும் தயார் செய்துவிட்டார். வேட்டி மூடுவது இல்லை. இந்த வீடியோவை மச்சான் பார்ப்பார், பார்த்ததும் போன் வரும். எட்டு மாசம் இல்லை, ஏழு மாசம்தான் நின்றது என்பார்.